ஆறும் ஆறரையும்

கடையில் ஒரே ஒரு டிவி.
மீன் பொரிக்கும் அடுப்புக்கு எதிரே, உயரத்தில்,
எண்ணெய்ப் புகை படிந்து
எந்த முகத்தையும் கொஞ்சம் மஞ்சளாகவே காட்டும் டிவி.
ரிமோட் என் ஏப்ரன் பையில்.
கால்டர் பள்ளத்தாக்கில் இதைவிடப் பெரிய பதவி கிடையாது.

ஆறு மணிச் செய்தி ஏழுவரை நீளும்.
அதன் நடு முதுகில் ஏறி உட்காரும்
அடுத்த சேனலின் ஆறரைச் செய்தி.
அந்த அரைமணி நேரம்
என் கடையில் இரண்டு கட்சி.

வில்ஃப் ஃபீல்டன் ஆறு.
நோரீன் கிராப்ட்ரீ ஆறரை.
பஸ் ஓட்டும் தாரிக் இரண்டுமில்லை,
கிரிக்கெட் ஸ்கோர் வரும்வரை எதுவானாலும் சரி.
அவரை இரு தரப்பும் நம்புவதில்லை.

செய்தி வாசிப்பவர் கருத்துச் சொல்லக்கூடாது, அது விதி.
ஆனால் மலைமேல் காற்றாலை என்று வாசிக்கும்போது
ஆறின் கிளைவ் ஓல்ட்ராய்டுக்கு
இடப்புருவம் அரை அங்குலம் ஏறும்.
"பாத்தியா, அவனுக்கும் பிடிக்கல" என்பார் வில்ஃப்,
தன் ஓட்டைத் தானே எண்ணி ஜெயித்தவர் மாதிரி.
"பவுடர் அரிக்குது" என்பாள் நோரீன்.

அவளுக்கு மொய்ரா கிரீன்வுட்.
கவுன்சில் செய்தி முடிந்ததும் மொய்ரா
காகிதங்களை மேசையில் இரண்டு தரம் தட்டி அடுக்குவாள்.
ஒரு தட்டு என்றால் போகட்டும்.
இரண்டு என்றால் தீர்ப்பு.
"தாளு தட்டினா தீர்ப்பா?" என்பார் வில்ஃப்.
பதிலுக்கு நோரீன்
அவர் பக்கமிருந்த உப்பை எடுத்துக்கொள்வாள்.

பிப்ரவரி வியாழன்.
அன்று ஆறு, ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டது.
கதவைத் தட்டவில்லை.
நோரீனின் கம்பளத்தை உள்ளிருந்து தூக்கியது,
வில்ஃபின் குளிர்பெட்டியை மிதக்கவிட்டது,
என் மூன்றாம் படியில் யோசித்து நின்றது.

மின்சாரம் போனது. கேஸ் மட்டும் மிச்சம்.
டிவிக்குள் இருந்தவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்,
முழங்கால்வரை பூட்ஸ் போட்டு.
கிளைவுக்கு நூற்றுப் பத்து வீடு.
பத்தடி தள்ளி மொய்ராவுக்கு நூற்று நாற்பது.
ஒரு கேமராவில் மற்றது விழாதபடி
இரண்டும் சுற்றிச் சுற்றித் திரும்பின,
கல்யாண வீட்டில்
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி.

கிளைவ் முதலில் போனது நோரீன் வாசலுக்கு.
இடுப்பில் ஈரம், கையில் வாளி.
"நான் ஆறரை" என்றாள்.
கதவு மூடியது.
மொய்ரா வில்ஃபிடம் போனாள்.
"கிளைவ் வரட்டும்" என்றார்.
கிளைவ் வரவில்லை. மேல்காட்டில் ஆடுகள் சிக்கிக்கொண்டதாம்,
நேரடி ஒளிபரப்பு முழுக்க ஆடுகள்.
வில்ஃபின் வெள்ளம்
எந்த மணியிலும் வரவில்லை.

எல்லாம் முடிந்து
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
இருவரும் என் கடைக்கு வந்தார்கள், ஒன்றாக.
ஒரு தட்டு சிப்ஸ், இரண்டு முள்கரண்டி.
ஒரே வாரப் பத்திரிகையில் வேலை தொடங்கியவர்களாம்.
"உன் புருவம் எப்படி?" என்று மொய்ரா கேட்டாள்.
"அப்படியேதான். அந்தப் பல்லைப் பிடுங்கினதுலேர்ந்து
நரம்பு அது பாட்டுக்கு இழுக்குது.
காற்றாலையோ கால்பந்தோ, அதுக்கென்ன தெரியும்?"
அவள் சிரித்தாள்.
டீக் கோப்பையைத் தூக்கினாள். கை நடுங்கியது.
வைக்கையில் தட்டில் பட்டது,
இரண்டு தரம்.

நான் பார்க்காத மாதிரி
அடுப்பைத் துடைத்தேன்.

ஏழு வாரம் கழித்துச் சுவர் காய்ந்தது.
புது டிவி. இதில் எல்லாரும் சிவப்பாகத் தெரிகிறார்கள்.
வில்ஃப் பழைய நாற்காலியில். நோரீன் அவருக்கு முதுகு காட்டி.
தாரிக் ஸ்கோருக்குக் காத்து.
புது அணைக்கு ஒதுக்கிய பணம் பற்றி வாசித்தார் கிளைவ்.
ஏறியது புருவம்.

"பாத்தியா! பாத்தியா! நம்ம பக்கம் பேசுறான்!"
வில்ஃப் மேசையைத் தட்டினார்.
அந்த மனுஷனுக்குத் தெருவே கண்ணீரில் மிதந்தபோதும்
இத்தனை வெளிச்சம் முகத்தில் இல்லை.

வாய்வரை வந்தது எனக்கு.
அவர் டீ ஆறிக்கொண்டிருந்தது.
பையில் ரிமோட் கனத்தது.

வினிகர் போடவா என்று கேட்டேன்.